பையோடு உட்கார்ந்திருக்கிறான்

காலை எட்டரை மணிக்கு என் தம்பி திண்ணையில் பையோடு வந்து உட்கார்ந்துவிடுவான். குளித்து, தலை சீவி, திருநீறு இட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. பையின் ஜிப் போய்விட்டது. அம்மா இரண்டு ஊக்கு குத்திக் கொடுத்திருக்கிறாள். உள்ளே ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். பாக்ஸில் நிஜமாகவே சாப்பாடு இருக்கவேண்டும். கையில் தூக்கிப் பார்ப்பான், கனம் இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். பத்து மணிவரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அங்கேயே பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுப்பான்.

அவனுக்கு வயது 26. பள்ளிக்கூடம் முடிந்து எட்டு வருடம் ஆகிறது.

நான் கடலூர் மாவட்டம் குமராட்சி கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா, ஆதார் திருத்தம் எல்லாம் வரும். அவற்றோடு மாற்றுத்திறனாளி அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க வருகிறவர்கள் நிறைய. என் தம்பி டவுன் சிண்ட்ரோம் உள்ளவன் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் மற்ற இடத்துக்குப் போகாமல் என்னிடம் வருகிறார்கள். போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, யூ.டி.ஐ.டி. கார்டு என்கிற அந்த மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் ஏற்றி முடித்துக் காகிதத்தைக் கையில் கொடுத்தபோது கேட்டார்: “ஏம்மா, புள்ளைய இனிமே எங்க அனுப்பறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வருடமாக என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கேள்வி அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். ஏனென்றால் பேச்சு எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. எங்கள் பக்கத்தில் இதையும் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதியோர் உதவித்தொகை வேறு, இது வேறு. முதியோர் தொகை வருவாய்த் துறையிலிருந்து வருவது. அதே வருவாய்த் துறை மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக 1,500 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. அந்த 2,000-மும் இந்த 1,500-ம் ஒருவருக்குச் சேர்ந்து வராது. இதைப் புரியவைக்க மட்டும் வாரத்துக்கு நாலு பேரிடம் நான் பேசவேண்டியிருக்கிறது.

அந்த 1,500-க்குப் பின்னால் ஒரு கணக்கு தெரிகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-வது பிரிவில், மற்றவர்களுக்கு ஒரு திட்டத்தில் எவ்வளவு தருகிறார்களோ அதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குத் தரவேண்டும் என்கிறது. முதியோர் தொகை 2023-ல் 1,200 ஆனது. அதோடு கால் பங்கைச் சேர்த்தால் சரியாக 1,500. சட்டம் ‘குறைந்தது’ என்று சொன்ன கோட்டில் வந்து நிற்கிறது. பக்கத்தில் ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000. முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. அதைக் காட்டித்தான் நம் ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் மறியல் செய்கிறார்கள், மண்டபத்தில் அடைக்கப்பட்டு, சாயந்திரம் வெளியே வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

மத்திய அரசின் பங்கு? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு ஒருவருக்கு மாதம் 300 ரூபாய் தருகிறது. 2012-லிருந்து அதே 300. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, பாதிப்பு 80 சதவீதம் இருந்தால். தம்பியின் சான்றிதழில் 75.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. 2,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24,000. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 66 ரூபாய். அப்பா இறந்த பிறகு அம்மா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐப்பசி நடவு என்றால் இங்கே ஆள் கிடைக்காது, காலையில் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போவார்கள். தம்பி பள்ளியை விட்டு வந்ததும் அம்மா நடவை விட்டாள். நூறு நாள் வேலையையும் விட்டாள். அந்த வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். முழு நூறு நாளும் எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம். கிடைத்தால் 33,600. அரசாங்கம் தம்பிக்காகத் தருவது 24,000. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மா விட்ட ஒரே ஒரு வேலையின் கூலியே அதைவிட அதிகம். நடவுக் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

“அவன எங்க வுட்டுட்டுப் போறது?” என்பாள் அம்மா. அவ்வளவுதான் அவள் வாதம்.

கவனித்தீர்களா? அம்மா “எவ்வளவு தருவாங்க” என்று கேட்கவில்லை, “எங்க” என்று கேட்கிறாள். கடைக்கு வந்த அந்த அம்மா கேட்டதும் அதுதான். பணத்தை 6,000 ஆக்கினாலும் நான் சந்தோஷப்படுவேன், தெருவில் பட்டாசு வெடிப்பேன். ஆனாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அவன் போய் இருக்க ஓர் இடம் அதனால் வந்துவிடாது. குமராட்சியில் அப்படி ஒரு பகலைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது. விற்பவர் யாரும் இங்கே இல்லை.

சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி. கண் தெரியாதவருக்கும் கால் நடக்காதவருக்கும் மருத்துவர் பார்த்த உடனே ஓரளவு தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. உளவியலாளர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். தானாகச் சாப்பிடுவானா? தலை சீவுவானா? தெருவைத் தாண்டித் தனியாகப் போவானா? காசு எண்ணுவானா? இந்தக் கேள்விகளின் மூலம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லாண்ட் என்ற ஊரிலிருந்த ஒரு பயிற்சிப் பள்ளி. எட்கர் டால் என்பவர் 1935-ல் உருவாக்கிய அளவுகோல் அது, நம் நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி அதில் 36 முதல் 54 வரை வந்தால் 75 சதவீதம், 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம், 70-லிருந்து 84 வரை என்றால் 25 சதவீதம். அந்த 25-காரர்களுக்கு எந்தத் தொகையும் கிடையாது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. எந்தத் தாயும் வெளியாள் எதிரில் பிள்ளையை உயர்த்தித்தான் பேசுவாள். “கடைக்குப் போய்ப் பால் வாங்கியாருவான் சார்” என்று எங்கள் அம்மா பெருமையாகச் சொன்னாள். உண்மையில் கடைக்காரர் வீட்டெதிரே இருக்கிறார், நாங்கள் வாசலிலிருந்து குரல் கொடுப்போம், அவன் போய்க் கையை நீட்டுவான். நான் பக்கத்திலிருந்து அதை விளக்கவேண்டியிருந்தது. தம்பிக்கு என்னென்ன தெரியாது என்று ஒவ்வொன்றாக, அவன் எதிரிலேயே. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று நினைப்பவர்கள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சிறுவயதில் ‘மனவளர்ச்சி குன்றியவன்’ என்று எழுதினார்கள். இப்போது ‘அறிவுசார் குறைபாடு’. 2010-ல் கலைஞர் ஆட்சியில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது, துறையும் தனியாகி முதலமைச்சரின் பொறுப்பில் வந்தது. ஆட்டிசத்துக்கு அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று இருக்கும். அதை விண்ணப்பத்தில் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அந்தப் பையன்களுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? ஃபேன் சத்தம், டியூப்லைட் மினுக்கல், மோட்டார் பைக் ஒலி, எல்லாவற்றையும் நம்மைவிடப் பத்து மடங்கு உணர்கிறவர்கள் அவர்கள். என் கடைக்கு வரும் ஒரு பையனுக்காக நான் பிரிண்டரை நிறுத்திவைப்பேன். இந்தச் சொல்லை மாற்றினால் நன்றாக இருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பொய்யாகிவிடும். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதுவரைக்கும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கும் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது, ஒன்றியத்துக்கு இரண்டு குழு என்பது கணக்கு. குறை கண்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூட வயதில் வட்டார வள மையம். பி.ஆர்.சி. என்றால்தான் ஊரில் புரியும். தம்பியை ஆளாக்கியது அந்த பி.ஆர்.சி. டீச்சர்தான். பள்ளி ஆயத்தப் பயிற்சி மையம் என்று பெயர், ஒரு பழைய வகுப்பறை, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், வாரத்தில் சில நாள் பிசியோதெரபி. டீச்சர் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். பெரிய பொத்தான் வைத்த துணியில் தொடங்கி, பிறகு மேசை மேல் விரித்த சட்டையில், பிறகு அவன் உடம்பில். இன்று அவன் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்காருவது அந்த ஏழு மாதம்.

அந்த டீச்சர்கள் நிரந்தரப் பணியாளர்கள் இல்லை, தொகுப்பூதியம். இந்த வேலை ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’த் திட்டத்தின் கீழ் வருகிறது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. இந்தத் திட்டத்தில் ஒரு மாற்றுத்திறன் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பி.எம்.ஸ்ரீ. பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று இந்தத் திட்டத்தின் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. சண்டை மொழிக் கொள்கையில், தேசியக் கல்விக் கொள்கையில். அதில் யார் பக்கம் என்பதை அவரவர் அரசியல்படி முடிவு செய்யுங்கள், எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் நிறுத்திய அந்தப் பணத்துக்குள் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தருகிற டீச்சரின் சம்பளமும் இருக்கிறது என்பதைத் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். நான் பார்த்தவரை யாரும் சொல்லவில்லை.

அந்த டீச்சர்களை இத்தனை ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வைத்திருப்பதும் மாநில அரசு வெட்கப்படவேண்டிய விஷயம்தான். தொடக்கப் பள்ளியில் பத்துச் சிறப்புக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பிறகு பதினெட்டு வயது வந்தது.

2017 ஏப்ரல் 19-ம் தேதிதான் புதிய உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகைக் குறைபாடு இருந்த பட்டியல் இருபத்தொன்று ஆனது. ஆறிலிருந்து பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி உரிமை என்றது. அதே வருடம்தான் தம்பி பதினெட்டைத் தொட்டு வீட்டுக்கு வந்தான். கடைசி நாள் டீச்சர் அழுதார். இவன் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் பையோடு கிளம்பினான்.

பதினெட்டில் இன்னொன்றும் நடக்கும், பல வீடுகளுக்கு இது தெரியாது. பிள்ளை சட்டப்படி பெரியவன் ஆகிவிடுவதால் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் அம்மா கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிடுவார்கள். எங்களையும் அப்படி ஒரு வங்கிக் கிளையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். இதற்கு வழி இருக்கிறது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பலவகைக் குறைபாடு இந்த நான்குக்கும் அந்தக் குழு பாதுகாவலர் சான்று தரும். அதை வைத்துக் கணக்கு நடத்தலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கு உண்டு, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்கமாட்டார்கள். பதினெட்டு முடிந்ததும் பாதுகாவலர் சான்றுக்கும், அதற்கு முன்பே நிராமயாவுக்கும் மனு போட்டுவிடுங்கள். எங்களுக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் வேலை. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பலவகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சதவீதம். என் தம்பி தேர்வு எழுதப்போவதில்லை. அவனுக்குத் தேவை ஒரு மேசை, சொல்லிக்கொடுக்க ஒருவர், நாலு பேர் கூட்டாளி. கவர் ஒட்டுவான். வாழை இலையை அளவு பார்த்து அடுக்குவான், அதில் எங்கள் யாரையும்விட அவன் கை சுத்தம். வாரம் இரண்டு நாள் என் கடைக்குக் கூட்டிவருகிறேன். ஜெராக்ஸ் தாள்களை மூலையோடு மூலை சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பான். ஆனால் கூட்டம் சேர்ந்தால் அவனுக்குப் பதற்றம் வந்துவிடும். எனக்கும் ஒரு கண் கணினியில், ஒரு கண் அவன்மேல் என்று வேலை ஓடாது.

பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சியோடு கூடிய இல்லங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் வழியாக அரசு மானியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் எங்கள் மாவட்டத்தின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். பதினான்கு ஒன்றியம். வடக்கே கடலூர், தெற்கே கொள்ளிடக் கரையில் நாங்கள். குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு டவுன் பஸ். 2021-லிருந்து அதில் மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகும் துணையாளுக்கும் டிக்கெட் கிடையாது, இதற்காக அரசுக்கு மனமார நன்றி சொல்கிறேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வெளியூர் பஸ், கால் கட்டணம், ஒன்றரை மணி நேரம். வாரம் ஆறு நாள் அப்படி அனுப்பி அழைத்துவர எந்த அம்மாவால் முடியும்? அங்கேயே தங்கவைக்கலாம் என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்களே, அந்தச் செய்தி ஓடிய வாரம் முழுக்க அம்மா தம்பியின் பாயைத் தன் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். எல்லா இல்லமும் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்போது ஒரு நல்ல செய்தி. ‘உரிமைகள்’ திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1,700 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டம், ஆறு ஆண்டுக்கு. உலக வங்கி 2022-ல் இதற்காக 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. முன்களப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து கணக்கெடுத்தார்கள். ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே கூரையில். ஊருக்கு வரும் வண்டியும் உண்டு. எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த பெண் தம்பியிடம் நேரடியாக, “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார். அவன் பதிலே சொல்லவில்லை, வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் பிறந்து இத்தனை வருடத்தில் அரசாங்கத்திலிருந்து வந்த ஒருவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கணக்கெடுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர், அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். அதற்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அடுத்தது 2027-ல். 2011-ன் பழைய எண்ணை வைத்துத்தான் நிதி ஒதுக்குகிறார்கள்.

ஆனால் ‘விழுதுகள்’ மையத்துக்குச் சிகிச்சைக்குத்தான் போகிறோம். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு அது உயிர் போன்றது, போகாமல் இருந்துவிடாதீர்கள். தம்பிக்கு 26 வயது. அவனுக்கு வேண்டியது போய் இருக்க ஓர் இடம். இன்னொரு கவலையும் உண்டு. கடன் வாங்கி நடத்தும் ஆறு ஆண்டுத் திட்டம் முடிந்த பிறகு அந்தச் சம்பளம், அந்த வண்டி டீசல், எல்லாம் மாநில பட்ஜெட்டில் நிரந்தரச் செலவாக ஏறுமா? இதை இப்போதே கேட்கவேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அறைக்குப் பூட்டு போட்டிருப்பார்கள்.

வேறு ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1969-லேயே லான்டர்மன் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குறைபாடு உள்ளவருக்குச் சேவை பெறுவது உரிமை என்று ஆக்கி, வட்டார மையங்கள் வழியாக ஆளுக்கொரு திட்டம் எழுதி, அதற்கு மாநில அரசு பணம் கட்டவேண்டும் என்கிறது அது. குழந்தைப் பருவத்தோடு நிறுத்தவில்லை, ஆயுள் முழுக்க. சரி, அது பணக்கார நாடு என்பீர்கள்.

கேரளா பணக்கார நாடா? அங்கே ‘பட்ஸ்’ பள்ளிகள் இருக்கின்றன. முதலாவது 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கியது. ஊராட்சியே நடத்துகிறது, குடும்பஸ்ரீ பெண்கள் துணை நிற்கிறார்கள். பதினெட்டு வயதுவரை பள்ளி. பதினெட்டுக்கு மேல் போனால் அதே ஊரில் பட்ஸ் மறுவாழ்வு மையம். காலையில் போய், குடை தைத்து, சோப்பு செய்து, காகிதப் பை ஒட்டி, மதியம் சேர்ந்து சாப்பிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வருகிறார்கள். மாநிலம் முழுக்க இப்படி முன்னூறுக்கும் மேல். மத்திய அரசு, மாநில அரசு என்று நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் இதைத் தெருவிளக்கு போல, குடிநீர்க் குழாய் போல ஊராட்சியின் வேலையாக ஆக்கிவிட்டார்கள். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடிநீர் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. எங்கள் வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னை வீடுகளுக்குப் போகிறது. அந்தக் குழாய் போட முடிந்த அரசாங்கத்தால் குமராட்சியில் ஒரு கூடமும் இரண்டு ஆசிரியரும் ஓர் ஆயாவும் ஒரு வேனும் தர முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

புதுக் கட்டடம்கூட வேண்டியதில்லை. ஒன்றியத்தில் பிள்ளைகள் குறைந்து மூடிக்கிடக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியப் பொதுநிதி, சட்டப்படி வளர்ச்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய 5 சதவீதம், நலத்துறையின் மானியம், மூன்றையும் சேர்த்து யோசிக்க ஓர் அதிகாரி மனது வைத்தால் போதும். அம்மா மாதிரிப் பெண்களுக்கு அங்கேயே சமையல் வேலை, உதவியாளர் வேலை கொடுக்கலாம். இருபது குடும்பத்தில் இருபது பெண்கள் மறுபடி நடவுக்கோ தையலுக்கோ போவார்கள். அந்தக் கூலி இந்த ஒன்றியத்துக்குள்தானே சுற்றும்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது, உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக உட்காரவைக்கும் சட்டம். கிராம ஊராட்சிக்கு ஒருவர், 388 ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒவ்வொருவர். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் அந்த ஜனவரியிலேயே முடிந்து தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது, அது கிடக்கட்டும். குமராட்சி ஒன்றியத்தின் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், பெரும்பாலும் அவர் பேசத் தெரிந்தவராக, கால் பாதித்தவராகவோ கண் பாதித்தவராகவோ இருப்பார். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணே, அக்கா, யாராக இருந்தாலும் சரி, சாய்தளம் கேளுங்கள், மூன்று சக்கர வண்டி கேளுங்கள். கூடவே, எழுந்து நின்று தங்களுக்காக ஒரு வார்த்தை கேட்க முடியாத எங்கள் பிள்ளைகளுக்காகவும் அந்தப் பகல் மையத்தைக் கேளுங்கள்.

நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். குமராட்சி, காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம் பக்கம் பதினெட்டு தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைக்கு வாருங்கள். யூ.டி.ஐ.டி. கார்டு நகல் ஒன்று, ரேஷன் கார்டு நகல் ஒன்று, பிள்ளை எத்தனை வருடமாக வீட்டில் இருக்கிறான் என்று ஒரு வரி. எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன், ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம். திங்கட்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது, எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியட்டும். காலை ஆறரைக்குக் குமராட்சி பஸ் நிறுத்தத்தில் நிற்போம்.

தம்பியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். டிபன் பாக்ஸை இன்றைக்கே கழுவி வைத்திருக்கிறான்.